மருந்தாக இருந்த மீனுக்கு மருந்து

இரவு பதினொன்றரை மணிக்குத் தொலைபேசி அடித்தால், ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் மனம் முதலில் போகும். போன வருடம் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரிலிருந்து என் கல்லூரிக் கால நண்பன் அந்த நேரத்தில் கூப்பிட்டபோது நானும் அப்படித்தான் பதறி எடுத்தேன்.

"டேய், பெருசு மிதக்குதுடா."

யார் பெருசு, எங்கே மிதக்கிறது என்று புரிய எனக்கு அரை நிமிடம் ஆனது. அவன் மகள் பள்ளியில் படித்தபோது ஆசைப்பட்டு வாங்கிய கடல்குதிரைகளில் மூத்த ஆணுக்கு அந்தப் பெயர். மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். கண்ணாடித் தொட்டியும் அதிலிருந்த நான்கு கடல்குதிரைகளும் அப்பன் பொறுப்பில் வந்து சேர்ந்திருந்தன.

"வயித்துப் பை ஊதிப்போய் பந்து மாதிரி மேல வந்துடுச்சு. கீழ இறங்கப் பாக்குது, முடியல. வாலால எதையாவது பிடிக்கப் பாக்குது, எட்டல. பாக்கவே கஷ்டமா இருக்குடா."

நான் மீன் வளர்த்தவன் இல்லை. அன்று அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. ஒரு கடல்குதிரைக்கு உடம்புக்கு வந்தால் மனிதர்கள் என்ன செய்தார்கள், எப்போதிலிருந்து செய்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. இந்தக் கேள்வி மிகவும் புதியது. அதற்கு முந்தைய இரண்டாயிரம் ஆண்டுகளில் கேள்வி தலைகீழாக இருந்தது: மனிதனுக்கு உடம்புக்கு வந்தால் கடல்குதிரையை என்ன செய்வது?

சாம்பலும் பொடியும்

கிரேக்கர்கள் இதை ஹிப்போகாம்பஸ் என்றார்கள். ஹிப்போஸ் என்றால் குதிரை, காம்பஸ் என்றால் கடல் விலங்கு. சீனத்தில் ஹாய்மா, அதுவும் கடல்குதிரைதான். தமிழிலும் அதே பெயர். மூன்று கரைகளில் நின்றவர்களும் அந்தத் தலையைப் பார்த்து ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மூன்று கரைகளிலும் இதைப் பிடித்துக் காயவைத்தார்கள் என்பதும் உண்மை.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமின் பிளினி தன் இயற்கை வரலாற்றில் கடல்குதிரையின் சாம்பலைப் பன்றிக் கொழுப்போடு குழைத்துத் தலை வழுக்கைக்குப் பூசச் சொல்கிறார். அவருக்குப் பின் வந்த ஏலியன் ஒரு கதை சொல்கிறார்: கிரீட் தீவின் கிழ மீனவர் ஒருவர் வெறிநாய் கடித்த தன் பிள்ளைகளுக்குக் கடல்குதிரையைக் கொண்டு வைத்தியம் பார்த்தாராம். சீனத்தில் லீ ஷிஜென் தொகுத்து 1596ல் அச்சான பெரும் மருந்து நூலிலும் கடல்குதிரைக்கு இடம் உண்டு. அந்த வைத்திய மரபில் அது இன்றுவரை ஆண்மைக் குறைவுக்கும் மூச்சுத் தொல்லைக்கும் சூப்பாகவும் பொடியாகவும் போய்க்கொண்டிருக்கிறது.

காய்ந்தாலும் உருக்குலையாத உடம்பு இதற்கு. செதில் கிடையாது, தோலுக்குக் கீழே எலும்புத் தகடுகள் வளையம் வளையமாக அடுக்கியிருக்கும். செத்த பிறகும் உயிரோடு இருந்த அதே வடிவத்தில் வருடக்கணக்காக இருக்கும். அந்த வசதிதான் அதற்கு வினையாகவும் முடிந்தது. மூட்டையில் கட்டிக் கப்பலில் ஏற்றலாம், நாறாது, நொறுங்காது. உயிருள்ள கடல்குதிரைக்கு என்ன தேவை என்று யோசிக்க யாருக்கும் அவசியமே வரவில்லை. அதை உயிரோடு வைத்துக்கொள்ள ஒருவர் ஆசைப்பட்டால்தானே அந்த அவசியம் வரும்?

கண்ணாடிக்குள் கடல்

அந்த ஆசை பரவலாகத் தொடங்கிய இடம் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து. 1846ல் அன்னா தின் என்ற பாதிரியார் மனைவி டார்க்கீ கடற்கரையில் பார்த்த பவளங்களை ஒரு ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடல் நீர் கெடாமல் இருக்க அதில் காற்று கலக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. திறந்த ஜன்னல் பக்கத்தில் வீட்டு வேலைக்காரப் பெண் அந்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றுவாள். நம் ஊரில் டீ ஆற்றுவதைப் போல, தினமும் அரை மணி நேரத்துக்கும் மேல். உலகின் முதல் வீட்டுக் கடல் தொட்டிகளில் ஒன்றுக்கு மோட்டாராக இருந்தது பெயர் தெரியாத அந்தப் பெண்ணின் கைகள்.

1850ல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், செடியும் மீனும் நத்தையும் சரியான கணக்கில் இருந்தால் நீரை மாற்றாமலே தொட்டி தானாக நிலைத்து நிற்கும் என்று எழுதினார். 1853 மே மாதம் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கு 'மீன் வீடு' திறந்தது. அடுத்த வருடமே ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய 'அக்வேரியம்' என்ற புத்தகம் வந்தது. கண்ணாடிக்கு இருந்த வரியை 1845லேயே நீக்கியிருந்தார்கள். ரயிலும் கடற்கரைவரை வந்துவிட்டது. வரவேற்பறையில் கடலை வைத்துக்கொள்வது ஒரு மோகமாகவே ஆனது.

செத்ததும் ஏராளம். வாரிங்டன் சொன்ன சமநிலையை நம்பியவர்களின் தொட்டிகளில் நீர் கலங்கியது, நாறியது, உயிர்கள் ஒவ்வொன்றாகப் போயின. காரணம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. மீன் கழிக்கும் அம்மோனியா கொடிய விஷம். அதை உண்டு நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டிக்குள் குடியேற வாரக்கணக்கில் ஆகும். மண்ணிலும் நீரிலும் இந்த மாற்றத்தைச் செய்வது உயிர்கள்தான் என்று ஷ்லோஸிங்கும் முன்ட்ஸும் காட்டியது 1877ல். அந்த நுண்ணுயிர்களை வினோகிராட்ஸ்கி தனியே பிரித்தெடுத்தது 1890ல். அதற்குள் இங்கிலாந்தின் அக்வேரிய மோகமே அடங்கிவிட்டது. காஸின் மகன் எட்மண்ட் 1907ல் தன் நினைவுநூலில், தந்தையின் புத்தகத்தைப் படித்துவிட்டுக் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் கடற்கரைப் பாறைக் குழிகளைத் துடைத்தெடுத்துவிட்டதை வருத்தத்தோடு பதிந்திருக்கிறார். தொட்டியில் ஒன்று செத்தால் கடலிலிருந்து இன்னொன்று வரும் என்பதுதான் அன்றைய பொழுதுபோக்கின் கணக்கு.

வயிறு இல்லாத மீன்

இந்தத் தவறுகள் எல்லாக் கடல்மீன்களையும் கொன்றன. கடல்குதிரைக்கு மேற்கொண்டு ஒரு சிக்கல் உண்டு. அதற்கு இரைப்பை கிடையாது, பல்லும் கிடையாது. குழாய் மாதிரி இருக்கும் வாயால் சிறு இறாலை உறிஞ்சும். அது நேரே குடலுக்குள் போய்ச் சீக்கிரமே வெளியேறிவிடும். அதனால் நாளெல்லாம் தின்றுகொண்டே இருக்க வேண்டும். அசையாத உணவை அது உணவாகவே மதிக்காது. இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழலும். எதிரே துடிக்கும் ஒன்றைத்தான் அவை தேடும். அந்தக் காலத்துத் தொட்டியில் துடிக்கும் இரை தீர்ந்த அன்று கடல்குதிரையின் பட்டினி தொடங்கியது. வீட்டுக்காரருக்கு அது தெரியவும் செய்யாது. எலும்புச் சட்டையில் மெலிவு அவ்வளவு சீக்கிரம் வெளியே காட்டாது.

1933ல் இதற்கு ஒரு வழி பிறந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் அக்வேரியத்தின் ஆல்வின் சீல், உப்பளங்களில் வாழும் ஆர்ட்டீமியா என்ற சிற்றிறால் மீன்களுக்கு நல்ல உயிருணவு என்று ஒரு கட்டுரை எழுதினார். ஆர்ட்டீமியாவின் முட்டை வருடக்கணக்கில் தூள் போலக் காய்ந்து கிடக்கும். உப்புநீரில் போட்டால் ஒன்றரை நாளுக்குள் பொரியும். டப்பாவில் அடைத்து வைத்த உயிருணவு. கடலுக்குப் பக்கத்தில் இல்லாதவரும் கடல்குதிரை வளர்க்கலாம் என்ற நிலை இதனால்தான் வந்தது.

வந்த வேகத்தில் அது வியாபாரமாகவும் ஆனது. 1950களிலும் 60களிலும் அமெரிக்கக் காமிக்ஸ் புத்தகங்களின் பின்பக்கங்களைப் புரட்டினால் உயிருள்ள கடல்குதிரை விளம்பரங்கள் இருக்கும். சில டாலர் அனுப்பினால் ஃப்ளோரிடாவிலிருந்து ஒரு ஜோடி தபாலில் வீடு தேடி வரும். இவை குட்டைக் கடல்குதிரைகள். வளர்ந்தாலும் ஓர் அங்குலம்தான். அதே பக்கங்களில் 'ஸீ மங்கி' விளம்பரமும் வரும். ஹரால்ட் வான் பிரான்ஹட் 1962 முதல் அந்தப் பெயரில் விற்றது வேறொன்றுமில்லை, இதே ஆர்ட்டீமியாவைத்தான். தின்பதையும் தின்னப்படுவதையும் ஒரே மாதிரி கனவாகக் குழந்தைகளுக்கு விற்றிருக்கிறார்கள்.

குட்டைக் கடல்குதிரையின் ஆயுளே ஏறக்குறைய ஒரு வருடம்தான். ஃப்ளோரிடாவின் சீடர் கீ கடலோரப் புல்வெளிகளில் அதன் வாழ்க்கையை ஆராய்ந்து கர்க் ஸ்ட்ரான் 1958ல் வெளியிட்டிருந்தார். ஆனால் ஆய்விதழ் படிக்கிறவர் வேறு, காமிக்ஸ் படிக்கிற பிள்ளை வேறு. தபாலில் கசங்கி வந்ததை ஒரு கிண்ணத்தில் விட்டு, இரண்டு நாள் வேடிக்கை பார்த்து, மூன்றாம் நாள் அம்மா கையால் கழிவறையில் கொட்டியதுதான் பல வீடுகளில் நடந்தது. எத்தனை செத்தன என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. வருகிற வழியிலேயே பாதி உயிர் போயிருந்தது என்பதும், செத்தது தன் தவறால் மட்டும் இல்லை என்பதும் அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

கடன் வாங்கிய மருந்துகள்

1959ல் ராபர்ட் ஸ்ட்ராகன் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைப்பதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சரளைக்கு அடியில் நீரை இழுத்துச் சுற்றவைக்கும் வடிகட்டி பரவலானது. அந்தச் சரளையில்தான் அம்மோனியா தின்னும் நுண்ணுயிர் குடியிருக்கும். அறுபதுகளின் நடுவில் செயற்கைக் கடல் உப்பும் பையில் வந்துவிட்டது. தொட்டி நிலைக்க ஆரம்பித்தது. பட்டினியிலும் விஷத்திலும் சாகாமல் கடல்குதிரைகள் கொஞ்ச நாள் வாழ ஆரம்பித்தன. அப்போதுதான் நோய்கள் கண்ணுக்குத் தெரிந்தன.

அதில் பழையது ஒன்று. 1926ல் ஃபிலடெல்ஃபியா அக்வேரியத்தில் செத்த கடல்மீன்களிலிருந்து ஜோசஃப் ஆரன்சன் ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். மைக்கோபாக்டீரியம் மரினம் என்று பெயர்; மனிதக் காசநோய்க் கிருமிக்கு நெருங்கிய சொந்தம். மீன் மெல்ல மெல்ல இளைக்கும், உள்ளுறுப்புகளில் கட்டிகள் வரும், சாகும். தொட்டிக்குள் கைவிடும் மனிதர் விரலில் காயம் இருந்தால் அவருக்கும் கட்டி வரும். கடல்குதிரைக்கு இது வந்தால் நம்பகமான சிகிச்சை இன்றும் இல்லை. தொட்டியையே காலி செய்து கிருமி நீக்க வேண்டும்.

அடுத்தது விப்ரியோ. கடல்நீரில் எப்போதும் இருக்கும் பாக்டீரியாக் குடும்பம்; காலராக் கிருமியும் அதில் ஒன்று. வால் நுனி வெளுக்கும், வாய்க்குழாய் அரிக்கும், தோலில் புண் வரும். தொட்டி சூடாக ஆக இது வீரியம் கொள்ளும். இதைத் தெரிந்துகொள்ள வளர்ப்பவர்களுக்குப் பல வருடங்கள் ஆயின. வெப்பமண்டல மீன் என்று 26, 27 டிகிரியில் வைத்துச் சாகக்கொடுத்தவர்கள், பிறகு அதையே 20க்கும் 23க்கும் இடையில் வைத்துக் காப்பாற்றினார்கள். மருந்தே இல்லாத சிகிச்சை. கடல்குதிரை வளர்ப்பில் அதிக உயிர்களைக் காப்பாற்றிய மாற்றங்களில் இதை நான் முன்வரிசையில் வைப்பேன்.

மூன்றாவது, என் நண்பனின் பெருசுக்கு வந்தது. கடல்குதிரையில் பிள்ளை சுமப்பது ஆண். பெண் அதன் வயிற்றுப் பையில் முட்டையிட, ஆண் சுமந்து பெறும். அந்தப் பைக்குள் காற்று சேர்ந்து ஊதிவிட்டால் மீன் தக்கைபோல் மேலே வந்துவிடும். சில சமயம் தோலுக்கடியிலும் கண்ணுக்குப் பின்னாலும் குமிழ்கள் தோன்றும். நீரில் காற்று அளவுக்கு மேல் கரைந்திருப்பது, பைக்குள் பாக்டீரியா வளர்வது, அழுக்கு என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். பையை மெல்ல அமுக்கிக் காற்றை வெளியேற்றுவது ஒரு வழி. இன்னொரு வழி அசெட்டசோலமைட். மனிதர்களுக்குக் கண் அழுத்த நோய்க்கு 1950களில் வந்த மாத்திரை அது, மலையேறுபவர்களும் போட்டுக்கொள்வார்கள். உடம்புக்குள் கரியமில வாயுவைக் கையாளும் ஒரு நொதியை அது தடுக்கிறது. அதை யாரோ பொடித்து ஒரு கடல்குதிரைக்குக் கொடுத்துப் பார்த்து, அது கீழே இறங்கியதைக் கண்டு, அடுத்தவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படித்தான் மற்றதும். குட்டைக் கடல்குதிரைத் தொட்டியில் ஆர்ட்டீமியா முட்டையோடு ஹைட்ராய்டு என்ற நுண்ணிய கொட்டும் உயிர்களும் வந்துவிடும். பிறந்த குஞ்சுகளைக் கொட்டிக் கொல்லும். அதற்கு நாய்க்கும் குதிரைக்கும் கொடுக்கிற குடற்புழு மருந்து. ஒட்டுண்ணிக்குப் பிணத்தைப் பதப்படுத்தும் ஃபார்மலின், அளவோடு. இனித் தேறாது என்று ஆனபின் வேதனையில்லாமல் போக நம் பாட்டி பல்வலிக்கு வைத்த கிராம்பு எண்ணெய். கடல்குதிரைக்கென்று தயாரித்த மருந்து இதில் ஒன்றும் இல்லை. எல்லாமே மனிதனிடமிருந்தும் மாட்டிடமிருந்தும் நாயிடமிருந்தும் கடன் வாங்கியது. இரண்டாயிரம் வருடம் நமக்கு மருந்தாக இருந்த மீனுக்கு, நம் மருந்துப் பெட்டியிலிருந்து திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தோம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அந்த வரவு செலவு அவ்வளவு எளிதில் நேராகாது.

தொட்டிக்கு வெளியே

ஏனென்றால், வீட்டுத் தொட்டியில் நடந்த பெரும்பாலான சாவுகளின் வேர் தொட்டிக்கு வெளியே இருந்தது. 1980களின் பிற்பகுதியில் அமாண்டா வின்சென்ட் என்ற கனடிய உயிரியலாளர், கடல்குதிரைகளை அவை வாழும் நீருக்குள்ளேயே போய்ப் பார்த்து ஆராயத் தொடங்கினார். பின்னர் வியாபாரத்தின் பக்கம் திரும்பினார். 1996ல் அவர் வெளியிட்ட அறிக்கை, ஆண்டுக்குச் சுமார் 2 கோடி கடல்குதிரைகள் வணிகமாகின்றன என்று மதிப்பிட்டது. மிகப் பெரும்பகுதி காய்ந்தவை, மருந்துக்கு. சில லட்சங்கள் உயிரோடு, தொட்டிகளுக்கு. பிலிப்பைன்ஸில் இரவில் விளக்கேற்றிக்கொண்டு கடலில் இறங்கிப் பிடிக்கும் ஏழை மீனவர்களையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அதே வருடம் அவரும் ஹெதர் கோல்டிவேயும் தொடங்கிய அமைப்பு, தடை போடுவதோடு நிற்காமல் அந்தக் கிராமங்களோடு சேர்ந்து காப்பிடங்களை உருவாக்கியது.

உயிரோடு பிடிபட்டது பல கைகள் மாறி, பல நாள் பட்டினி கிடந்து, ஒட்டுண்ணியோடும் புண்ணோடும் கடைக்கு வரும். கடையில் உயிரோடு நிற்பதாகத் தெரிவது பாதி செத்ததுதான். வாங்கிய வீட்டுக்காரர் தன் தண்ணீரையும் தன் கையையும் நொந்துகொள்வார். 2002 நவம்பரில் சிலியின் சாந்தியாகோவில் கூடிய சைட்டீஸ் மாநாடு எல்லாக் கடல்குதிரை இனங்களையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. 2004 மே 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சற்று முன்பே, 1998ல் ஹவாயின் கோனாவில் ஒரு பண்ணை, தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த கடல்குதிரைகளை விற்க ஆரம்பித்திருந்தது. அவற்றின் பெரிய குணம், செத்த உணவைத் தின்னப் பழகியிருந்தது. உறைந்த மைசிஸ் இறாலைக் கரைத்துப் போட்டால் சாப்பிடும்.

அந்த மைசிஸுக்கும் ஒரு கதை உண்டு. கனடாவின் ஓகனகன் ஏரியில் 1966ல் மீன்களுக்குத் தீனியாகட்டும் என்று அந்தச் சிற்றிறாலைக் கொண்டுவந்து விட்டார்கள். அது தீனியாகாமல், கொக்கனி என்ற சால்மன் மீனின் உணவையே தின்று தீர்த்து அந்த மீனைக் குறைத்துவிட்டது. பிறகு அந்த இறாலையே அள்ளி உறையவைத்து விற்க ஆரம்பித்தார்கள். ஓர் ஏரியில் செய்த தவறு, உலகம் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகளில் கடல்குதிரைகளைப் பட்டினியிலிருந்து காப்பாற்றியது. காட்டில் பிடித்ததை வாங்காதீர்கள், பண்ணையில் பிறந்ததை வாங்குங்கள் என்று வளர்ப்பவர்களே ஒருவருக்கொருவர் சொல்ல ஆரம்பித்தார்கள். அதைச் சொல்லவைத்தது, கையில் செத்துப்போன மீன்கள்தாம்.

துக்கம் யாருடையது

ஜோடியில் ஒன்று போனால் மற்றது துக்கத்தில் செத்துவிடும் என்று வளர்ப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. ஆஸ்திரேலியக் கடல்புல் வெளியில் வின்சென்டும் லைலா சாட்லரும் பார்த்து 1995ல் எழுதியது இதற்குத் துணையாகத் தோன்றும். ஒரு ஜோடி தினமும் காலையில் சந்திக்கும், நிறம் மாற்றிக்கொள்ளும், வால் கோத்து நடக்கும். வேறு துணை தேடாது. துணையை இழந்தது உடனே இன்னொன்றோடு சேர்வதும் இல்லை. ஆனால் தொட்டியில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டும் சாவதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. இரண்டும் ஒரே தண்ணீரில் இருந்தன. முதலாவதைக் கொன்ற கிருமியோ சூடோதான் இரண்டாவதையும் கொன்றிருக்கும். மீன் துக்கப்படுமா என்று எனக்குத் தெரியாது. துக்கம் என்று பெயர் வைத்து விட்டுவிட்டால் தண்ணீரைச் சோதிக்க மறந்துவிடுவோம் என்று மட்டும் தெரிகிறது.

மனிதரின் துக்கத்தைப் பற்றிச் சந்தேகம் இல்லை. நாய் செத்தால் அலுவலகத்தில் சொல்லலாம். மீன் செத்துவிட்டது, மனசு சரியில்லை என்று யாரிடம் சொல்வது? "ஒரு மீனுக்கா?" என்பார்கள். நண்பன் இதைச் சொன்னபோது சிரித்தான். சிரிப்பு முழுதாக வரவில்லை. கடல்குதிரைக்காரர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி, குறிப்பேடு. தேதி, வெப்பநிலை, உப்பளவு, எத்தனை இறால் தின்றது, கழிவு எப்படி, எந்தக் கொம்பைப் பற்றி நின்றது. 2005ல் கோல்டிவே தொகுத்த பொது அக்வேரியங்களுக்கான வளர்ப்புக் கையேடும் அப்படிப்பட்ட அனுபவங்களின் தொகுப்புதான். முன்னால் ஒருவர் இழந்ததை எழுதிவைத்ததால்தான் டாம்பாவில் அந்த ராத்திரி என் நண்பனால் என்ன நோய் என்று அடையாளம் காண முடிந்தது.

மறுநாள் மீன் பார்க்கும் ஒரு கால்நடை மருத்துவரைத் தேடிப் பிடித்தான். அவர் சொல்லிக்கொடுத்தபடி பையை அமுக்கிக் காற்றை எடுத்தான். மாத்திரையும் போட்டான். "ஒரு குமிழ் வெளிய வந்துச்சுடா, பட்டாணி அளவு. அப்படியே கீழ போய் அந்தப் பவளக் கொம்பைப் பிடிச்சுக்கிச்சு" என்று சொன்னபோது அவன் குரல் தழுதழுத்தது.

கோரைப்பாயில்

அவன் ஊர் தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பொங்கல் விடுமுறைக்கு அவனோடு அங்கே போயிருக்கிறேன். அவன் பெரியப்பா கருவாட்டு வியாபாரி. வீட்டுத் திண்ணையில் கோரைப்பாய் விரித்து, கடல் அட்டைக்குப் பக்கத்தில் கடல்குதிரைகளை நீளவாரியாகப் பிரித்துக் காயப்போட்டிருந்தார். இழுவலையில் சங்காயத்தோடு வந்தவை கொஞ்சம். சங்கும் அட்டையும் எடுக்க முங்குகிறவர்கள் கொண்டுவந்து கொடுத்தவை கொஞ்சம். "சிங்கப்பூருக்குப் போகுதுப்பா, மருந்துக்கு" என்றார். எதற்கான மருந்து என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதை விடுதி அறைச் சுவரில் ஆணியடித்து நூலில் தொங்கவிட்டோம். படிப்பு முடியும்வரை அது அங்கே ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

2001ல் இந்திய அரசு கடல்குதிரைகளை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. பிடிப்பது, காயவைப்பது, விற்பது, வீட்டில் வளர்ப்பது எல்லாமே குற்றம். பாக் நீரிணையின் முங்குகாரர்களுக்கு ஒரு வருமானம் போனது. வலையில் தானாக வந்து விழுந்ததைக் கையில் வைத்திருந்தாலும் வழக்கு என்ற பயம் வந்தது. ஆனால் கடல்புல்லைச் சுரண்டிக்கொண்டு போகும் இழுவலையில் அவை இன்றும் சிக்கிச் சாகின்றன. டாம்பாவில் ஒன்றைக் காப்பாற்றக் கண் மருந்து வரை போகிற அதே காலத்தில்தான் தொண்டியில் இதுவும் நடக்கிறது. இரண்டையும் பார்த்த ஒருவன் என் நண்பன்.

பெருசு அதன்பின் ஐந்து வாரம் இருந்தது. இரண்டாம் முறை பை ஊதியபோது சாப்பாட்டை நிறுத்திவிட்டது. அவன் குறிப்பேட்டின் கடைசி வரிகளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான்: 22 டிகிரி. உப்பு சரி. காலை சாப்பிடவில்லை. மாலை சாப்பிடவில்லை. அதற்குக் கீழே தேதி மட்டும். கறிவேப்பிலைத் தொட்டியில் புதைத்துவிட்டு மகளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் எனக்குக் கூப்பிட்டான்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: "நம்ம ஹாஸ்டல் சுவத்துல ஒண்ணு தொங்குச்சே, அது ஆணா பெண்ணாடா?"

வயிற்றில் பை இருந்ததா என்று பார்த்தாலே தெரிந்திருக்கும். மூன்று வருடம் அதன் கீழே படுத்துத் தூங்கியிருக்கிறோம். இருவருமே பார்க்கவில்லை.